பூவிலே நுழைந்தது, பழத்திலே விழித்தது

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் அழுகலைப் பற்றிப் பேசச் சொன்ன செயலாளருக்கு முதலில் நன்றி. இலையில் மாம்பழத் துண்டு உண்டு என்று சமையல்கட்டிலிருந்து தகவல். பயப்படாமல் சாப்பிடுங்கள். நான் பேசி முடித்த பிறகும் அது அதே மாம்பழம்தான்.

ஒரு கரும்புள்ளியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எல்லோர் வீட்டிலும் நடப்பது இது. கூடையில் தங்கம் மாதிரி இருக்கிற பழத்தைப் பார்த்து வாங்கி வருகிறோம். முதல் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் தோலில் மிளகு தெளித்தது போலப் புள்ளிகள். ஐந்தாம் நாள் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, உள்ளே சதை கறுத்து, கை வைத்தால் அமுங்குகிறது. உடனே கடைக்காரரைத் திட்டுகிறோம். கடைக்காரர் மண்டியைச் சொல்லுவார். மண்டிக்காரர் லாரியைச் சொல்லுவார். லாரிக்காரர் வெயிலைச் சொல்லுவார். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து விவசாயி தலையில் வைத்து, 'கழிவு' என்று ஒரு தொகையைக் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். அவரும், 'நான் நல்ல காயைத்தானே ஏத்தி விட்டேன்' என்பார். அவர் சொல்வது பொய் இல்லை. அவர் ஏற்றியபோது அது கண்ணுக்கு நல்ல காய்தான்.

அப்படியானால் அந்தப் புள்ளி எப்போது பிறந்தது? பெரும்பாலும் மரம் பூவும் பிஞ்சுமாக இருந்தபோதே. காய் சுண்டைக்காய் அளவு இருக்கும்போதே உள்ளே நுழைந்த ஆசாமி, மூன்று நான்கு மாதம் அசையாமல் படுத்திருந்து, பழுத்த பிறகு எழுந்திருக்கிறான். பழத்தைக் கெடுக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இந்த ஒரு விஷயத்தைத்தான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

அந்த ஆசாமியின் பெயர் கொலட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்டிஸ். நோயின் பெயர் ஆந்த்ராக்னோஸ். நாம் படித்த காலத்தில் இது ஒரே ஓர் இனம். டி.என்.ஏ. பார்க்கத் தொடங்கிய பிறகு ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் என்று தெரிந்து, 2012-இல் பல பெயர்களாகப் பிரித்துவிட்டார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது தலைவலி. மாமரத்துக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை.

காய்ந்த சுள்ளி, பழைய இலை, கருகிய பூங்கொத்து இவைதான் இந்தப் பூஞ்சையின் வீடு. வித்துகள் பிசுபிசுப்பான கூழில் இருப்பதால் காற்று மட்டும் அவற்றைத் தூக்கிக்கொண்டு போகாது. தண்ணீர் வேண்டும். கோடை மழை ஒன்று வந்தால் போதும், சொட்டுச் சொட்டாகச் சிதறிக் காய்மேல் வந்து உட்காரும். அடுத்த முறை தோப்புக்குப் போனால் கவனியுங்கள். சில பழங்களில் காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கண்ணீர் வழிந்த தடம் போலக் கறுப்புக் கோடு இருக்கும். மேலே இருந்த வித்து மழைநீரோடு இறங்கி வந்த பாதை அது.

தோலில் உட்கார்ந்த வித்து, இரவெல்லாம் ஈரம் நின்றால் முளைத்துவிடும். முளைத்த நுனியில் ஒரு சின்னக் கறுப்புக் குமிழ் உண்டாகும். பாடப்புத்தகத்தில் அப்ரசோரியம் என்று படித்திருப்பீர்கள். அது தோலில் பசை வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து ஓர் ஊசி போன்ற இழை மெழுகுத் தோலுக்குள் இறங்கும். சில இறங்காமல் மேலேயே காத்திருக்கும். அதோடு நின்றுவிடும். அவ்வளவுதான்! காய் வளரும், முற்றும், பறிபடும், லாரி ஏறும். குமிழ் அப்படியே இருக்கும். வீட்டில் உப்புத் தண்ணீர், வினிகர் என்று போட்டுக் கழுவுகிறோமே, அதனால் தூசி போகும், மேலே பட்ட மருந்தில் கொஞ்சம் போகும். இது போகாது.

இந்த உறக்கத்தைப் பற்றி 1913-இலேயே அமெரிக்காவில் ஷியர், உட் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள். வெப்பமண்டலப் பழங்களுக்கு இதை விரிவாகச் சொன்னவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இருந்த சிம்மண்ட்ஸ், 1941-இல்.

ஏன் உறங்குகிறது? விஷயம் சுவையாவது இங்கேதான். பச்சைக் காய் ஒன்றும் சும்மா இல்லை. மாங்காய்த் தோலில் ரிசார்சினால் வகையைச் சேர்ந்த சில பொருட்கள் இருக்கின்றன. அவை பூஞ்சைக்கு நஞ்சு. காய் பழுக்கப் பழுக்க அவற்றின் அளவு இறங்கிவிடுகிறது. அவகாடோவிலும் இதே கதை. அங்கே காவல் காக்கும் பொருள் வேறு, அவ்வளவுதான். இஸ்ரேலில் டோவ் ப்ரஸ்கி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1980-களில் இதைப் படிப்படியாக நிறுவினார்கள். காவல்காரன் வேலையை விட்டுப் போகிற நேரத்திலேயே, மாவுச்சத்து சர்க்கரையாகிறது, செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளகுகிறது. காவலும் இல்லை, கதவும் திறந்திருக்கிறது, உள்ளே விருந்தும் தயார். விடுவானா?

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும் என்பது உங்களுக்குத் தெரியும். கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த கொலாட்டுகுடியும், அவரோடு ஃப்ளாய்ஷ்மன் என்பவரும் 1994-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழம் விடும் அந்த எத்திலீனையே இந்தப் பூஞ்சை சைகையாக எடுத்துக்கொண்டு முளைக்கிறது, குமிழ் வைக்கிறது என்று காட்டினார்கள். நாம மாம்பழ வாசனை வந்ததும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கிறோம் இல்லையா, அதே வேலையை அதுவும் செய்கிறது!

மாம்பழத்துக்கு இன்னொரு எதிரி காம்பழுகல். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். புள்ளி புள்ளியாக வராது. காம்பைச் சுற்றிப் பழுப்பு வளையமாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் பழம் முழுவதையும் வெந்த கத்தரிக்காய் மாதிரி ஆக்கிவிடும். லேசியோடிப்ளோடியா என்ற பூஞ்சை இதில் முக்கியமானது. இது கிளைக்குள்ளேயே, நோய்க்குறி எதுவும் காட்டாமல் குடியிருக்கும். அங்கிருந்து காம்பு வழியாகக் காய்க்கு வரும். பறித்த காயை மண்ணில் கொட்டி வைத்தால் மண்ணிலிருந்தும் வரும். தொரட்டியால் இழுத்துப் பொத்தென்று போட்டு, காம்பு ஒடிந்து, பால் வழிந்து, வெறும் மண்ணில் குவித்த காய்களுக்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை.

பால் என்றேனே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாம்பால் தோலில் பட்டால் சுட்டுவிடும், கறை விழும், விலை போகாது. அதனால் காம்பை ஒட்ட வெட்டிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடித்துவிடுங்கள் என்று விவசாயிக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாம்பாலை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? அந்தப் பாலிலேயே பூஞ்சையை அடக்கும் ரிசார்சினால்கள் இருக்கின்றன, பூஞ்சையின் செல்சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ் நொதியும் இருக்கிறது. பழத்தின் அழகுக்காக மருந்தை வடித்துக் கொட்டுகிறோம் என்று ஆகிறது. என் அபிப்பிராயம் இது: உள்ளூர் மண்டிக்கு, சீக்கிரம் விற்கிற பழத்துக்கு, காம்பை ஓர் அங்குலமாவது விட்டு வெட்டுங்கள். பால் உள்ளேயே நிற்கும், தோலும் சுடாது. பாலை வடித்தே ஆகவேண்டும் என்கிற ஏற்றுமதிக்காரருக்கு வேறு வழிகள் இருக்கின்றன, குளிர் அறையும் இருக்கிறது. அவருக்கான அறிவுரையை இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அப்படியே கொடுக்கக் கூடாது.

வாழைக்கு வருகிறேன். இதன் கதை வேறு மாதிரி. இங்கே மனிதன் ஒரு நோயிலிருந்து தப்பப் போய் இன்னொரு நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டான். 1950-கள் வரை மத்திய அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய வாழை க்ரோ மிஷேல் என்ற ரகம். தடித்த தோல். தாரை முழுசாக அப்படியே தொங்கவிட்டு அனுப்புவார்கள். பனாமா வாடல் என்ற மண்வழிப் பூஞ்சை நோய் அந்தத் தோட்டங்களை அழித்தது. 1950-களிலும் 60-களிலும் கேவண்டிஷ் ரகத்துக்கு மாறினார்கள். அது வாடலைத் தாங்கியது, ஆனால் தோல் மெல்லியது, பட்டால் கறுக்கும். ஆகவே சீப்புச் சீப்பாக வெட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். சீப்பை வெட்டிய இடம் பச்சைப் புண் அல்லவா? அதன் வழியே கொலட்டோட்ரைக்கம் மூசே, ஃபியூசேரியம் என்று ஒரு கும்பலே நுழைந்தது. சீப்பின் அடி கறுத்து, விரல் விரலாகக் கழன்று விழுந்தது. ஒரு தாருக்கு ஒரு வெட்டு என்று இருந்தது, சீப்புக்கு ஒரு வெட்டு என்று ஆனதன் பலன்.

நம் பக்கத்திலும் இந்த மாற்றம் வந்திருக்கிறது. பூவன், ரஸ்தாளித் தார்களை வாழைச் சருகு சுற்றி லாரியில் அடுக்கி, மண்டியில் மூட்டம் போட்டுப் பழுக்க வைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தேனிப் பக்கம் ஜி-9 வாழை வந்த பிறகு, சீப்பாக வெட்டி, தொட்டியில் கழுவி, பெட்டியில் அடுக்குவது பழகிவிட்டது. அந்தக் கழுவும் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பாலைக் கழுவத்தான் தொட்டி. ஆனால் காலையில் நிரப்பிய தண்ணீரிலேயே மாலை வரை கழுவினால் அது வித்துக் கரைசல்தான். புதிதாக வெட்டிய சீப்பு அந்தத் தண்ணீரை நரம்புகள் வழியே உள்ளே இழுக்கும், வித்தும் கூடவே போகும். பிறகு மேலே எதைத் தடவினாலும் அது எட்டாது. கூரான கத்தி, சுத்தமான ஒரே வெட்டு, அடிக்கடி மாற்றுகிற குளோரின் கலந்த தண்ணீர். இதற்குப் பெரிய முதலீடு ஒன்றும் வேண்டாம், யாராவது நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் கஷ்டம்.

'பூஞ்சை பூஞ்சை என்றே சொல்கிறீர்களே, பாக்டீரியா எங்கே?' என்று பாக்டீரியா பாடம் படிப்பவர்கள் கேட்பீர்கள். பழங்கள் பெரும்பாலும் புளிப்பு. பி.எச். அளவு 4.5-க்குக் கீழே போனால் பல பாக்டீரியாக்களுக்கு ஒத்துவராது, பூஞ்சைக்குக் கவலையில்லை. அதனால்தான் காய்கறிக் கூடையில் பாக்டீரியா அழுகல் அதிகம், பழக்கூடையில் பூஞ்சை அதிகம். பப்பாளியில் புளிப்புக் குறைவு, அங்கே பாக்டீரியாவுக்கும் இடம் உண்டு. மாங்காயில் நட்சத்திரம் போல வெடித்துப் பிசின் வடிகிற கரும்புள்ளி வருமே, அது ஸாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வேலை.

ஆனால் பாக்டீரியாவின் கைவரிசையைப் பார்க்க அன்னாசிக்குப் போக வேண்டும். ஹவாயிலும் பிலிப்பைன்ஸிலும் பதப்படுத்தும் ஆலைகளைப் படுத்திய நோய் இது. பழம் வெளியே அழகாக இருக்கும். நறுக்கினாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. டப்பாவில் அடைத்துச் சூடுபடுத்தும்போதுதான் துண்டுகள் இளஞ்சிவப்பிலிருந்து பழுப்பு வரை நிறம் மாறும். பூத்திருக்கும்போது நுழைந்த டாட்டுமெல்லா என்ற பாக்டீரியா, குளுக்கோஸை ஒருவகை அமிலமாக மாற்றி வைத்திருக்கும். அந்த அமிலம் வெந்நீர்ச் சூட்டில் நிறம் காட்டுகிறது. ஆலைக்காரர் தன் இயந்திரத்தைச் சந்தேகப்படுவார். குற்றவாளி பூவிலேயே நுழைந்துவிட்டான். மாம்பழத்தில் பூஞ்சை செய்ததைத்தான் இங்கே பாக்டீரியா செய்கிறது, பார்த்தீர்களா?

பலாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மரத்தடியில் கறுப்புப் பஞ்சு போர்த்த மாதிரிக் கிடக்கும் சின்ன மூசுகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. பாதிக்கு மேல் அவை ஆண் பூங்கதிர்கள், எப்படியும் உதிரவேண்டியவை. அவற்றின்மேல் ரைசோபஸ் பூஞ்சை விருந்துண்கிறது. பெண் பிஞ்சுக்கு அது ஏறாமல் பார்த்துக் கீழே கிடப்பதைக் கூட்டி எடுத்துவிட்டால் போதும்.

சரி, என்ன செய்யலாம்? தோப்பிலே தொடங்கியதைத் தோப்பிலேயே குறைக்க வேண்டும். காய்ந்த சுள்ளியைக் கவாத்து செய்து எரிப்பது, மரத்துக்குள் வெயிலும் காற்றும் போகும்படி கிளையைத் திறந்துவிடுவது, பூ எடுக்கும்போது பனியும் மழையும் இருந்தால் அப்போது மருந்தடிப்பது, முடிந்தால் காய்க்குக் காகிதப் பை கட்டுவது. பறித்த பிறகு அடிக்கும் மருந்துக்கு இதில் பாதி மதிப்புக்கூட இல்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு பெனோமில் சாட்சி. அதை எதிர்த்து வாழும் பூஞ்சைகள் உலகம் முழுவதும் வந்துவிட்டன.

பறித்த பிறகு உருப்படியாக ஒன்று உண்டென்றால் அது வெந்நீர்தான். 52 டிகிரி சூட்டில் 5 முதல் 10 நிமிடம், பறித்த சூட்டோடு. மெழுகுத் தோலுக்கு அடியில் படுத்திருப்பவனைச் சூடு எட்டிப் பிடிக்கும். சூடு சில டிகிரி ஏறினால் தோல் வெந்துவிடும், குறைந்தால் பூஞ்சை சுகமாகக் குளிக்கும். ஆகவே கையை விட்டுப் பார்க்கக் கூடாது, வெப்பமானி வேண்டும். காம்புக்குள் ஆழமாக இருக்கும் காம்பழுகலுக்கு இது அவ்வளவாகப் பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிர் அறையும் எல்லையோடுதான். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். வீட்டில் ஃபிரிட்ஜில் வைத்த வாழைப்பழம் கறுப்பது அழுகலால் அல்ல, குளிரால்.

'கல்லு வெச்சா அழுகாதா சார்?' என்று ஒரு மண்டியில் கேட்டார்கள். கார்பைட் கல் ஈரம் பட்டு விடும் அசிட்டிலீன் நிறத்தைக் கொண்டுவரும். பூஞ்சைக்கு அது ஒன்றும் செய்யாது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. எத்திலீன் வாயுவை பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த 2016-இல் அனுமதித்தார்கள்.

வீட்டுக் கேள்வியும் ஒன்று வரும். கெட்ட பாகத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடலாமா? தோலில் இரண்டு கரும்புள்ளி, கீழே சதை கெட்டியாக இருந்தால், சற்றுத் தாராளமாக வெட்டியெடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள். பஞ்சு பூத்தது, நீர் கசிவது, சாராய வாடை அடிப்பது என்றால் முழுசாகத் தூக்கிப் போடுங்கள். மென்மையான பழத்தில் இழையும் நஞ்சும் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஜூஸ் கடையில் எதைப் போடுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதும் தப்பில்லை.

கடைசியாக, கழிவுக் கணக்கு. 'பழத்தில் 40 சதவீதம் அழுகிப் போகிறது' என்று மேடைகளில் சொல்வது வழக்கம். லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப மத்திய நிறுவனம் நாடு முழுவதும் எடுத்து 2015-இல் வெளியிட்ட கணக்கில் மாம்பழ இழப்பு 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், வாழை 8-க்குக் கீழ், கொய்யா ஏறத்தாழ 16. இதில் அடிபட்டது, வெம்பியது எல்லாம் அடக்கம். 9 சதவீதம் சின்ன எண் என்று நினைக்காதீர்கள். குத்தகை, மருந்து, பறிகூலி, லாரி வாடகை எல்லாம் போக விவசாயி கையில் நிற்பதே அவ்வளவுதான் இருக்கும் சில வருஷங்களில். அந்தக் கழிவை யார் தலையில் போடுவது என்பது இன்றுவரை வாய்ச்சண்டையில்தான் முடிவாகிறது, சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிக்கிறார்.

இதற்கு நம் கல்லூரி ஆய்வகத்திலேயே ஒரு வழி செய்ய முடியும். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு தோப்பிலிருந்து, பல மரங்களில், மேலும் கீழுமாக 100 காய் பறியுங்கள். கழுவித் துடைத்து, ஈரத்துணி போட்ட மூடிய பெட்டிகளில், பெட்டிக்கு இரண்டு நல்ல பழுத்த வாழைப்பழத்தோடு வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் போதும், காய் முன்கூட்டியே பழுக்கும், உறங்குகிறவன் விழிப்பான். தினமும் எண்ணுங்கள். புள்ளியின்மேல் இளஞ்சிவப்பாகக் கூழ் கட்டினால் ஆந்த்ராக்னோஸ். காம்பிலிருந்து பரவினால் காம்பழுகல். அடிபட்ட இடத்தில் மட்டும் அழுகினால் அது கைமாறும்போது வந்தது. செலோடேப்பைத் தோலில் ஒட்டி உரித்து, லாக்டோஃபீனால் நீலத்தில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தக் கறுப்புக் குமிழ்கள் சிலவற்றையாவது பார்க்கலாம். முதல் முறை பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கும், நான் உத்தரவாதம்.

அந்த எண் கையில் இருந்தால் விவசாயி, 'என் தோப்பில் நூற்றுக்கு இத்தனைதான்' என்று மண்டியில் சொல்லலாம். எண் அதிகமாக இருந்தால் பழமாக அனுப்பாமல் கிருஷ்ணகிரி கூழ் ஆலைக்கோ ஊறுகாய்க்கோ காயாகவே தள்ளிவிடலாம். இரண்டும் அவருக்கு லாபம். தாவரவியல் துறையில் பெட்டியும் நுண்ணோக்கியும் இருப்பதை இன்று காலை பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தோப்பு வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள் இந்த அரங்கில் குறைந்தது ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பங்குனி பிறந்ததும் பிள்ளைகளை ஒரு நாள் வரச் சொல்லுங்கள். முதல் இரண்டு தோப்புக்கு நானும் கூட வருகிறேன்.

சமையல்கட்டிலிருந்து கை காட்டுகிறார்கள். கேள்விகளைப் பந்தியில் வைத்துக்கொள்வோம்.